பார்த்தும் பாராமல் போனவன்

பிப்ரவரி 3

அக்கா,

கிழித்துப் போடுவதென்றால் முதல் பக்கத்தைப் படித்துவிட்டுக் கிழி. ஆறு வருஷமாக என் நம்பரைப் பார்த்தால் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். வீட்டுக்கு வந்தாலும் கதவு திறப்பதில்லை. அதனால்தான் கடிதம். நம் சண்டையைப் பற்றி எழுதப் போவதில்லை. எதற்காகச் சண்டை என்றே எனக்கு இன்றுவரை தெரியாது. இது வேறு விஷயம். யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். வீட்டில் சொல்லிச் சொல்லி, உன் தம்பி பெண்டாட்டி காதைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். சின்ன வயதிலிருந்து என்னைப் பார்த்தவள் நீ ஒருத்திதான். உனக்குத்தான் இது புரியும்.

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு மணிக்கட்டு உடைந்து ஒரு அம்மா வந்தார். நான்தான் மாவுக்கட்டுப் போட்டேன். ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம், நல்ல சிரிப்புக்காரர். அடுத்த வாரம் கட்டைக் காட்ட வந்தார். கூந்தலை ஏற்றிக் கட்டி, கை முழுக்க மூடிய சட்டை. "என்னம்மா, புதுசா வந்திருக்கீங்களா, சீட்டு எடுத்தாச்சா?" என்றேன். அவர் சட்டைக் கையைச் சுருட்டினார். உள்ளே என் கட்டு! பெருவிரல் பக்கம் நான் ஒரு மடிப்பு வைப்பேன், அதை வேறு யாரும் வைக்க மாட்டார்கள். "அட, நீங்களா!" என்றேன்.

"என்னைப் பாத்தா தெரியல, கட்டைப் பாத்துத்தான் தெரிஞ்சுதா?" என்றார்.

"எல்லாரும் அப்படித்தானே மேடம்?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்துவிட்டார். அவர் யார் தெரியுமா? மூளை ஆய்வு செய்கிற டாக்டர். மனிதர்கள் ஒருவரை ஒருவர் எப்படி அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்பதுதான் அவர் வேலையே. தேடிப் போனாலும் கிடைக்காத ஆளுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன்!

பரிசோதனைக்கு அழைத்தார், போனேன். கம்ப்யூட்டரில் ஒரு முகம் காட்டுகிறார்கள். முடி, காது எல்லாம் அழித்த வெறும் முகம். பிறகு மூன்று முகம் காட்டி, முதலில் பார்த்தது எது என்று கேட்கிறார்கள். எழுபத்திரண்டு கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு குத்தினாலே இருபத்துநாலு சரியாக வரும். சாதாரண ஆளுக்கு ஐம்பது அறுபது வரும். எனக்கு முப்பத்தொன்று!

அக்கா, இதற்குப் பெயரே இருக்கிறது. முகக்குருடு. என் கண்ணில் கோளாறு இல்லை. மூக்கு, வாய், மச்சம் எல்லாம் துல்லியமாகத் தெரிகிறது. சேர்த்து 'இன்னார்' என்று சொல்லும் வேலைக்கு மூளையின் அடிப்பக்கம், வலது காதுக்குப் பின்னால் உள்வாங்கி, ஒரு சின்ன இடம் இருக்கிறதாம். அங்கேயோ, அங்கிருந்து போகிற நரம்புப் பாதையிலோ எனக்குப் பிறவியிலேயே ஏதோ சரியாக அமையவில்லை. நூறு பேரில் ஓரிருவர் இப்படி இருக்கிறார்களாம். பாதிப் பேர் தங்களுக்கு இப்படி என்று தெரியாமலே செத்துப் போகிறார்களாம்.

இப்போது யோசித்துப் பார். படம் பார்க்கும்போது கதாநாயகன் சட்டை மாற்றினால் "யாருக்கா இந்தப் புது ஆளு?" என்று கேட்பேன். நீ என் தலையில் குட்டுவாய். கடைத்தெருவில் வேறு யாரோ பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு பாதி தூரம் போய்விட்டேன். பெரியப்பாவைக் கண்டும் காணாமல் போனேன் என்று அப்பா முதுகுத் தோலை உரித்தார். சொந்தக்காரர்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் நினைவிருக்கிறதா? 'திமிரு'. முப்பத்தெட்டு வருஷம் அந்தப் பட்டத்தைச் சுமந்திருக்கிறேன் அக்கா. இப்போது இறக்கி வைத்தால் தோள் காற்றில் மிதக்கிறது.

எனக்கு நடை தெரியும், குரல் தெரியும், முழங்கால் தெரியும். ஒருவர் நொண்டி வந்தால் தெருக்கோடியிலேயே பெயர் சொல்வேன். முகம் மட்டும்தான் தெரியாது!

உனக்கு உடம்பு இப்போது எப்படி இருக்கிறது? பெரியம்மாதான் அவ்வப்போது சொல்கிறார்கள். பதில் போட்டால் சந்தோஷம். போடாவிட்டாலும் இதைச் சொல்லிவிட்டேன், அது போதும்.

தம்பி


பிப்ரவரி 12

தம்பிக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. இரண்டு முறை படித்தேன், இரண்டு முறையும் உடம்பெல்லாம் எரிந்தது.

எதற்காகச் சண்டை என்று தெரியாதாம். நல்லது. நான் சொல்கிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்குப் புற்றுநோய் என்று சொல்லி முதல் மருந்து ஏற்றி மூன்று வாரம் ஆகியிருந்தது. உன்னிடம் போனில் சொல்ல மனசு வரவில்லை. நான் மின்வாரியத்தில் புகார் போன் எடுக்கிறவள். நாள் முழுக்க முகம் தெரியாதவர்களிடம் "சரி பண்ணிடறோம் சார்" என்று சொல்லிப் பிழைக்கிறவள். என் தம்பியிடமாவது நேரில் சொல்லலாம் என்று ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்தேன். வழியெல்லாம் வாந்தி.

உன் கட்டு அறைக்கு வெளியே நீல பெஞ்சில் உட்கார்ந்தேன். நீ வராந்தாவில் வந்தாய். என்னைப் பார்த்தாய். நான் எழுந்து நின்றேன். வாயைத் திறந்து சொல்ல வேண்டாம், பார்த்தாலே புரிந்துகொள்ளட்டும் என்று தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன். ஒரு முடி கூட இல்லாத தலையோடு உன்னைப் பார்த்துச் சிரித்தேன்.

நீ ஏற இறங்கப் பார்த்தாய். உச்சந்தலையிலிருந்து செருப்பு வரைக்கும். "கொஞ்சம் வழி விடுங்கம்மா, ஸ்ட்ரெச்சர் வருது" என்றாய். போய்விட்டாய்.

என்னை 'அம்மா' என்றாய்! யாரோ தெருவில் போகிறவளைச் சொல்வது மாதிரி. தீட்டுப் போல் ஒதுங்கினாய் என்று நினைத்தேன். நோயைக் கண்டு பயந்து, தெரியாதவன் போல நடித்துத் தப்பித்தாய் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். நான்கு மாதம் கழித்து ஊர் முழுக்கத் தெரிந்த பிறகு வந்து கதவைத் தட்டினாயே, அதற்கு நான் திறக்க வேண்டுமா?

இப்போது மூளையில் ஒரு இடம் சரியாக அமையவில்லை என்கிறாய். எவ்வளவு வசதி! தப்பு செய்தது நீ இல்லை, உன் காதுக்குப் பின்னால் இருக்கிற ஏதோ ஒன்று. பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் வளர்ந்தோம். ஒரு நாளாவது என்னைத் தெரியாமல் போயிருக்கிறதா உனக்கு?

இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

அக்கா


பிப்ரவரி 15

அக்கா,

நீ வந்திருந்தாயா?

ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாயா! கடிதத்தை நின்றபடி படித்தேன். பிறகு அந்த நீல பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். இப்போது அதற்குச் சாம்பல் நிறம் அடித்திருக்கிறார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமையை எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. நினைவு வைத்துக்கொள்ள எனக்கு அன்று ஒன்றுமே நடக்கவில்லையே அக்கா. யாரோ ஒரு நோயாளி நின்றார், வழி விடச் சொன்னேன், அவ்வளவுதான். உனக்கு உலகமே இடிந்த நாள், எனக்குச் சாதாரண செவ்வாய்க்கிழமை.

ஒரு நாளாவது தெரியாமல் போயிருக்கிறதா என்று கேட்டாய். உன் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும். வலது பக்கம் லேசாகச் சாய்ந்து நடப்பாய். எல்லாவற்றுக்கும் மேலே உன் குரல், நாலு வீடு தள்ளிக் கேட்கும். இவை எல்லாம் சேர்ந்ததுதான் எனக்கு அக்கா. வீட்டுக்குள் இருக்கிறவர் நான்கே பேர், அதில் நீ யார் என்று கண்டுபிடிக்க முகம் எதற்கு?

அன்று பின்னல் இல்லை. மெலிந்திருப்பாய், நடை மாறியிருக்கும். நீ பேசவும் இல்லை. நான் புரிந்துகொள்ள வேண்டும் என்று துணியை அவிழ்த்தாய். நீ அவிழ்த்த அந்த நொடியில் என்னிடம் மிச்சமிருந்த அடையாளமும் போயிருக்கும்.

வசதி என்று சொன்னாய். அந்தக் கேள்வியை நானும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "இது சாக்கு இல்லையா மேடம்?" என்று. அவர் சொன்னார்: "நாம தடுக்கி விழுந்தா கல்லைத் திட்டுறோம். அடுத்தவன் தடுக்கி விழுந்தா, 'கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு'ன்னு கேக்கறோம். நமக்கு நடந்தா சூழ்நிலை, அடுத்தவனுக்கு நடந்தா குணம். மூளை அப்படித்தான் கணக்குப் போடும். கல்லு இருக்கான்னு குனிஞ்சு பாக்கறதுக்குத்தான் எங்க வேலை." நீ குனிந்து பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அந்த உரிமை இல்லை. தெரியாமல் மிதித்தாலும் மிதிபட்டவருக்கு வலிதான்.

ஆனால் இன்னொன்று சொன்னார், அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இது குடும்பத்தில் ஓடுமாம்! உடனே எனக்கு அப்பா நினைவு வந்தது. தெருவில் எதிரே வருகிற எல்லோரையும் "வாங்க தலைவரே, சௌக்கியமா" என்பாரே. கீரை விற்கிறவர், வங்கி மேலாளர், சொந்த மச்சான், எல்லோரும் தலைவர்தான். மனுஷர் பெயர் சொல்லி யாரையாவது கூப்பிட்டு நீ கேட்டிருக்கிறாயா? என் முதுகுத் தோலை உரித்தவருக்கே இது இருந்திருக்கிறது என்று நான் சத்தியம் செய்வேன். பாவம், அவர் பயந்து பயந்து ஊரையே தலைவராக்கிவிட்டார். நான் பயந்து பயந்து யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவருக்கு 'நல்ல மனுஷன்' என்று பெயர், எனக்குத் திமிரு!

மன்னித்துவிடு என்று எழுதி அடித்துவிட்டேன். அது சின்ன வார்த்தை. உன் தலை முடி இல்லாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன், ஆனால் உன்னைப் பார்க்கவில்லை. இதை எப்படிச் சுமப்பது என்று தெரியவில்லை.

தம்பி


மார்ச் 9

டேய்,

இந்தக் கடிதத்துக்குப் பதில் போடக் கூடாது என்றுதான் இருந்தேன். மூன்று வாரம் இருந்தேன் பார். இப்போது மணி காலை ஒன்பதரை, ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு எழுதுகிறேன், அவசரத்தில் எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

சிட்டுவுக்கு ஒன்பது வயது. என் மகளைத்தான் சொல்கிறேன், நீ கடைசியாகப் பார்த்தபோது மூன்று. படிப்பில் கெட்டி. ஆனால் வகுப்பில் யாரோடும் ஒட்டுவதில்லை என்று ஒவ்வொரு வருஷமும் புகார். போன திங்கட்கிழமை டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். சிட்டுவின் ஒரே தோழி முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். இவள் அவளிடம் போய், "நீ புதுசா சேர்ந்திருக்கியா? உன் பேர் என்ன?" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விட்டாள். "உங்க பொண்ணுக்குக் கொஞ்சம் திமிரு ஜாஸ்தி" என்றார் டீச்சர்.

திமிரு!

எனக்குக் காதுக்குள் மணி அடித்தது. அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை, அது வேறு, இது வேறு என்று வீட்டுக்கு வந்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை. பழைய அட்டை ஒன்றை எடுத்து நடுவில் முட்டை வடிவில் ஓட்டை வெட்டினேன். முகம் மட்டும் தெரிய வேண்டும், முடியும் உடுப்பும் தெரியக் கூடாது. வீட்டுப் படங்களின் மேல் அதை வைத்து சாப்பாட்டு மேசையில் சிட்டுவை உட்கார வைத்தேன். "விளையாட்டு, யாருன்னு சொல்லு பாக்கலாம்."

அவள் அப்பா படம். "மீசை... அப்பா!" சரி. எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, பார்த்தாயா என்பது போல் புருவத்தைத் தூக்கினார். மீசையைப் பெருவிரலால் மறைத்தேன். "தெரியல." அவர் புருவம் இறங்கியது. பிறகு என் படத்தை வைத்தேன். இந்த வருஷம் எடுத்தது. குழந்தை உதட்டைக் கடித்து, சாய்த்துப் பார்த்து, தூரத்தில் வைத்துப் பார்த்து, கடைசியில் பயந்துகொண்டே கேட்டாள், "கடைக்கார ஆன்ட்டியா?"

அவர் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார், கண்ணைத் துடைக்க. நான் அவளை மடியில் இழுத்து, "அம்மாடி, இது நான்தான்" என்றேன். அவளுக்குக் கோபம். "முகத்துல எல்லாருக்கும் ரெண்டு கண்ணு, ஒரு மூக்குதானேம்மா இருக்கு? அத வச்சு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நீங்கல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

"பள்ளிக்கூட வாசல்ல அத்தனை அம்மா நிக்கிறாங்களே, என்னை எப்படிக் கண்டுபிடிப்பே?"

"உன் சாவிக்கொத்து சத்தம்."

தம்பி, நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. இரண்டும்தான். உனக்கு இன்னொன்று சொல்ல வேண்டும், இதை யாரிடமும் சொன்னதில்லை. முடி கொட்டி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று இந்தக் குழந்தை என்னைக் கண்டு அலறி, கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. "அம்மா வேணும், அம்மா வேணும்." நான் அவ்வளவு கோரமாகிவிட்டேன் என்று நினைத்தேன். பெற்ற பிள்ளையே பயப்படுகிற முகம். ஒரு வருஷம் கண்ணாடி பார்க்கவில்லை. ஆனால் அன்று தரையில் உட்கார்ந்து, "வாடா செல்லம்" என்று நான் வாயைத் திறந்ததும் ஓடி வந்து ஒட்டிக்கொண்டாள். அது ஏன் என்று ஆறு வருஷமாக நான் யோசிக்கவே இல்லை. குரல்! அவளுக்குப் பயம் என் தலையைப் பார்த்து இல்லை. வீட்டுக்குள் யாரோ வந்துவிட்டார்கள், அம்மாவைக் காணோம், அவ்வளவுதான்!

இதற்கு மருந்து இருக்கிறதா? பெரியவளானால் சரியாகுமா? பள்ளிக்கூடத்தில் என்ன சொல்ல? உடனே எழுது.

அக்கா


மார்ச் 13

அக்கா! அக்கா!

'டேய்' என்று ஆரம்பித்திருக்கிறாய். அந்த ஒரு வார்த்தையை நான்கு தடவை படித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போனேன்.

சிட்டு கேட்ட கேள்வியை டாக்டரம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "ரெண்டு கண்ணு, ஒரு மூக்கு." அவர் கட்டுப் போட்ட கையாலேயே மேசையைத் தட்டி, "இந்தப் பொண்ண நான் பாக்கணும்!" என்றார். இருபது வருஷமாக இந்தத் துறையில் இருக்கிறாராம், இவ்வளவு தெளிவாக யாரும் கேட்டதில்லையாம். மற்றவர்கள் முகத்தை உறுப்பு உறுப்பாகப் பார்ப்பதில்லை, முழுசாக ஒரே விழுங்கு. நாங்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள். நாங்கள்! எங்கள் கட்சியில் ஆள் சேர்ந்துவிட்டது அக்கா.

மருந்து இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சரியாகவும் ஆகாது. ஆனால் பெயர் தெரிந்துவிட்டதே, அதுவே பாதி. எனக்கு முப்பத்தெட்டு வயதில் கிடைத்தது அவளுக்கு ஒன்பதில் கிடைக்கிறது. டீச்சரிடம் சொல்: இவளுக்கு வணக்கம் சொல்கிறவர் கூடவே தன் பெயரையும் சொல்லட்டும். இடம் மாற்றாமல் உட்கார வைக்கட்டும். அந்தத் தோழியிடம் சிட்டுவே போய்ச் சொல்லட்டும், "நீ முடி வெட்டினா எனக்கு நீ காணாமப் போயிடுவே, அதனால முன்னாடியே சொல்லிடு" என்று. கூட்டமான இடத்தில் அவள் கையை விடாதே. விட்டால், நின்ற இடத்தில் நிற்கச் சொல், நீ போய்க் கூட்டி வா.

நீ கேட்காத ஒன்று. அவள் உன்னிடம் அன்பில்லாமல் இல்லை. டாக்டரம்மா இதை அழுத்திச் சொல்லச் சொன்னார். அடையாளம் காண்பது ஒரு வேலை, பாசம் வேறு வேலை. எனக்கும்தான்.

ஏப்ரல் இருபதாம் தேதி அவளுக்குப் பரிசோதனை வைக்கலாம் என்கிறார். வருவாயா?

தம்பி


ஏப்ரல் 2

டேய்,

நேற்று உன் ஆஸ்பத்திரி கேன்டீனில் இருபது நிமிஷம் எதிரெதிரே உட்கார்ந்தோம். டீ ஆறிப் போனதுதான் மிச்சம். நீ மேசையைப் பார்த்தாய், நான் ஜன்னலைப் பார்த்தேன், சிட்டு இரண்டு பேர் பிஸ்கட்டையும் தின்றாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சொல்ல வேண்டியதை எழுதித்தான் தீர்க்க வேண்டும் போலிருக்கிறது.

சொல்லாமல் வந்ததற்குக் கோபமா? உன்னைச் சோதிக்கத்தான் வந்தேன், மறைப்பானேன். மனசின் ஒரு மூலையில் ஒருத்தி இன்னும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். குழந்தை விஷயத்தில் நம்புகிறேன், இவன் விஷயத்தில் எப்படி நம்புவது என்று. அவளை ஒரேயடியாக உட்கார வைக்கலாம் என்றுதான் வந்தேன்.

அதே வராந்தா, அதே பெஞ்சு. பத்து நிமிஷம் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஒருவர் ஒருவராகப் பார்த்துக்கொண்டு வந்தாய். கை உடைந்த பெரியவர், நர்ஸ், பக்கத்து அறைக்காரர், எல்லோரையும் அதே பார்வை. முடி, தோள், கை, செருப்பு. இருட்டில் சாவித் துளையைத் தடவுகிறவன் மாதிரி. கூடவே லேசாக ஒரு பயம். பிறகு என்னிடம் வந்தாய். அதே பார்வை. உச்சந்தலையிலிருந்து செருப்பு வரைக்கும். "உங்களுக்கு என்னம்மா, சீட்டு எடுத்தாச்சா?"

ஆறு வருஷம் அந்தப் பார்வையை நெஞ்சில் நெருப்புத் துண்டு மாதிரி வைத்திருந்தேனடா. ஏற இறங்கப் பார்த்து என்னை வேண்டாம் என்று தள்ளினாய் என்று. நீ தள்ளவில்லை. தேடியிருக்கிறாய். மேலிருந்து கீழ்வரைக்கும் என்னைத் தேடியிருக்கிறாய், நான் எதிரிலேயே நிற்க.

நான் தலையை மட்டும் ஆட்டினேன். நீ உள்ளே போய் ஒரு கால் உடைந்த ஆளுக்குக் கட்டுச் சுற்ற ஆரம்பித்தாய். வாசலில் நின்று, "டேய் தடியா" என்றேன். ஈர மாவுக்கட்டுத் துணி அப்படியே வாளிக்குள் விழுந்தது. நீ திரும்பக்கூட இல்லை, முதுகு மட்டும் குலுங்கியது. காலைத் தூக்கிப் பிடித்திருந்த மனுஷர், "அண்ணே, என் காலு! மாவு காயுது!" என்று கத்தினாரே, பாவம், கட்டு கோணலாகப் போயிருந்தால் நான்தான் காரணம் என்று சொல்.

இனி நான் சொல்ல வந்தது. உன் தப்புக்கு மூளையில் இடம் காட்டிவிட்டார்கள். என் தப்புக்கு எங்கே காட்டுவார்கள்? எனக்கு முகம் தெரியும், குரல் இருக்கிறது, வாயைத் திறந்து பிழைக்கிறவள். அன்று ஒரு தடவை 'டேய்' என்று சொல்லியிருந்தால் நீ அந்த ஸ்ட்ரெச்சரை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருப்பாய். நான் சொல்லவில்லை. அவனாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற வீம்பு. புரிந்துகொள்ளவில்லை என்றதும் திரும்பி நடந்தேன், கதவைச் சாத்தினேன், ஒரு நாள் கூட "ஏன்டா அப்படிச் செஞ்சே" என்று கேட்கவில்லை. உனக்கு முகம் தெரியவில்லை, எனக்கு வாய் திறக்கவில்லை. இதை உன் டாக்டரம்மாவிடம் கேட்டுச் சொல். பதில் இல்லை என்றாலும் கேள். நான் இனி யாரிடமாவது கோபப்படுவதற்கு முன்னால் கேட்டுவிடுகிறேன், அதைச் சிட்டுவுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அவள் சுருக்கமாக, "சரி, நீங்க ரெண்டு பேரும் முதல்ல பழகுங்க" என்கிறாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் வாய் ஓயவில்லை. மாமாவுக்கும் தெரியாதாமே, மாமாவும் செருப்பைத்தான் பார்ப்பாராமே என்று. இத்தனை நாள் தனக்கு மட்டும்தான் புத்தி மட்டு என்று அந்தக் குழந்தை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நேற்று ராத்திரி தோழிக்கு ஒரு சீட்டு எழுதினாள், இன்று காலை எடுத்துப் போனாள். சாயங்காலம் இரண்டு பேரும் கைகோத்து வாசலில் வந்து நின்றார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும், "ஆன்ட்டி, நான்தான்" என்று தன் பெயரைச் சொல்கிறாள். எனக்குத் தெரியுமடி என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டேன்.

வரும் ஞாயிறு நீயும் உன் பெண்டாட்டியும் இங்கே வர வேண்டும். காலை பஸ்ஸில் ஏறு. அத்தான் பஸ் நிலையத்துக்கு வருகிறார். போகிறேன் என்று அவராகத்தான் சொன்னார். அந்த வருஷம் என் அழுகையைப் பார்த்துவிட்டு, எனக்குத் தெரியாமல் உனக்குப் போன் செய்து, இனி எங்கள் பக்கம் தலை வைத்துப் படுக்காதே என்று அவர் திட்டியதை முந்தாநாள்தான் சொன்னார். நீ ஒரு வரி கூட அதை எழுதவில்லை. உன் அத்தானுக்கு அது இன்னும் வெட்கமாகிவிட்டது.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பாய். மீசையை எடுத்துவிட்டார், சட்டை என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது, மனுஷர் வாயைத் திறந்து கூப்பிடவும் மாட்டார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் சுற்றிப் பார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஒரு ஆள் நின்றுகொண்டிருப்பார். பாக்கெட்டுக்குள் விடுவார், எடுப்பார், முதுகுக்குப் பின்னால் கட்டுவார். யோசிக்காதே, நேராக அவரிடம் போ.

அக்கா